லேவியராகமத்தோடு வாசிப்பு நின்றுவிடுகிறது, என்ன செய்வது?

கேள்வி: நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். ஒவ்வொரு ஜனவரியிலும் வேதாகமத்தை அதன் முதல் நூலான ஆதியாகமத்தில் வாசிக்கத் தொடங்குகிறேன். பலிகளும் சட்டங்களும் நிறைந்த மூன்றாம் நூலான லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. அதன் பிறகு காலையில் கைப்பேசியில் வரும் வாக்குத்தத்த வசனத்தோடு அந்த ஆண்டு கழிந்துவிடுகிறது. வாசித்த பகுதிகளிலும் ஆறு நாள் படைப்பு, இஸ்ரவேலருக்கு முன் அந்த நாட்டில் வாழ்ந்த கானானியரை அழிக்கும்படி கொடுக்கப்பட்ட கட்டளை போன்றவை மனதை உறுத்துகின்றன. விசுவாசத்தை விடாமலும் அறிவை ஒதுக்கி வைக்காமலும் வேதாகமத்தை வாசிப்பது எப்படி?

பதில்: உங்கள் தடுமாற்றத்துக்கு விசுவாசக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. வாசிக்கும் முறையே காரணம். வேதாகமம் ஒரே அட்டைக்குள் இருந்தாலும் அது பல நூல்களின் தொகுப்பு. புராட்டஸ்டன்ட் சபைகளின் பதிப்பில் 66 நூல்களும் கத்தோலிக்கத் திருச்சபையின் பதிப்பில் 73 நூல்களும் உள்ளன. பல நூற்றாண்டுகளாக, பெரும்பாலும் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும், சில பகுதிகள் அரமேயத்திலும் எழுதப்பட்ட இந்நூல்களில் சட்டம் உண்டு, வரலாறு உண்டு, பாடல், பழமொழி, கடிதம், தரிசனம் எல்லாம் உண்டு. இவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே வேகத்தில், ஒரே எதிர்பார்ப்போடு வாசிக்க முயல்பவர் எங்கேனும் ஓரிடத்தில் நின்றுவிடுவது இயல்பு. தனி வசனத்தை விட்டு முழுப் பகுதியை வாசியுங்கள் என்பதும், 'இது எனக்கு என்ன சொல்கிறது' என்று கேட்பதற்கு முன்னால் 'இதை முதலில் கேட்டவர்களுக்கு இது என்ன சொன்னது' என்று கேளுங்கள் என்பதுமே நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

வசன எண்கள் மூல நூல்களில் இருந்தவை அல்ல. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்பவரால் வகுக்கப்பட்டவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது; புதிய ஏற்பாட்டின் இப்போதைய வசன எண்களை ராபர்ட் எத்தியென் என்ற அச்சாளர் 1551-இல் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் சேர்த்தார். அதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் எண்கள் இல்லாமலே வாசித்தார்கள், அதைவிட அதிகமாக, வாசிக்கக் கேட்டார்கள். அப்போஸ்தலனாகிய பவுல் கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், முடிவில், இது உங்களிடத்தில் வாசிக்கப்பட்ட பிறகு லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கப்படும்படி செய்யுங்கள் என்கிறார். முழு நிருபமும் ஒரே அமர்வில் வாசிக்கப்படும் என்பதே அவருடைய எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். இடத்தைக் கண்டுபிடிக்க எண்கள் பேருதவி செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குக் கீழும் தனித்து நிற்கும் ஒரு செய்தி இருக்கிறது என்ற எண்ணத்தையும் அவை நமக்குள் வளர்த்துவிட்டன.

வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வரும் எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வோம். கர்த்தர் தம் மக்களைக் குறித்து நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கானவை அல்ல, சமாதானத்துக்கானவை என்று அந்த வசனம் சொல்கிறது. தேர்வுக்கு முன்பும் நேர்காணலுக்கு முன்பும் பலர் இதைப் பிடித்துக்கொள்கிறார்கள். இப்போது அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். கி.மு. 597-இல் எகொனியா ராஜாவோடு பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதி அனுப்பிய கடிதம் அது. முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று மக்களை நம்ப வைத்திருந்தான். எரேமியாவின் கடிதம் அதை மறுக்கிறது: வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள், பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் திருமணம் செய்து வையுங்கள், நீங்கள் சிறைப்பட்டிருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள். பத்தாம் வசனம் எழுபது ஆண்டுகள் ஆகும் என்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களில் பெரும்பாலோர் தாயகத்தைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை. அதற்கு அடுத்துத்தான் நாம் மனப்பாடமாய் அறிந்த பதினோராம் வசனம் வருகிறது.

இதனால் அந்த வசனம் நமக்கு உரியதல்ல என்று ஆகிவிடாது. அதன் ஆறுதல் வேறொரு இடத்திலிருந்து வருகிறது, அவ்வளவே. இந்த ஆண்டு எல்லாம் கைகூடும் என்று அது உறுதி தரவில்லை; நம் ஆயுளுக்குள் முடியாத காரியத்திலும் தேவன் உண்மையுள்ளவராக இருக்கிறார், ஆகையால் இருக்கும் இடத்தில் வேரூன்றி அந்த இடத்துக்கு நன்மை செய்யுங்கள் என்கிறது. வேலை கிடைக்காதவருக்கும் நோய் தீராதவருக்கும் இந்த வாசிப்பே தாங்கும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் தேர்வில் தோற்றாலும் அது பொய்த்துப்போவதில்லை.

வசனத்தைத் தனியே எடுத்துப் பயன்படுத்துவதன் ஆபத்தைச் சுவிசேஷமே காட்டுகிறது. வனாந்தரச் சோதனையில் பிசாசு 91-ஆம் சங்கீதத்தை எடுத்துச் சொல்லி, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கும்படி இயேசுவிடம் கேட்கிறான். தேவனிடத்தில் அடைக்கலம் புகுந்தவனுடைய நம்பிக்கையைப் பாடும் சங்கீதம் அது. பிசாசு அதைத் தேவனைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக்குகிறான். உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக என்ற உபாகம வசனத்தால் இயேசு அதற்குப் பதில் சொல்கிறார். வசனத்துக்கு வசனம் பதில்தான், ஆனால் இருவருக்கும் வாசிப்பில் எத்தனை தூரம்!

இனி லேவியராகமம். அதன் 27 அதிகாரங்களைத் தொடர்ச்சியாகக் கடந்துவிட வேண்டும் என்ற கட்டாயத்தை முதலில் விட்டுவிடுங்கள். உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக என்று இயேசு எடுத்துக்காட்டிய கட்டளை இருப்பது இந்த நூலின் 19-ஆம் அதிகாரத்தில்தான். அதே அதிகாரத்தில், அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்திய கதிர்களைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்ற சட்டமும் இருக்கிறது. அதை வாசித்த கையோடு ரூத்தின் புத்தகத்தைத் திறங்கள். மோவாபிலிருந்து வந்த விதவையான ரூத், எளியவளாகவும் அந்நியப் பெண்ணாகவும், கதிர் பொறுக்கப் போகிறாள். வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ் சட்டத்தின் எல்லையோடு நிற்காமல், அரிகளிலிருந்தே சிலவற்றை அவளுக்காகச் சிந்தவிடும்படி வேலைக்காரருக்குச் சொல்கிறான். வறண்டதாய்த் தெரிந்த ஒரு சட்டம் ஒரு குடும்பத்தைப் பிழைக்க வைப்பதையும், அந்தக் குடும்பத்திலிருந்து தாவீது வருவதையும் பார்த்த பிறகு அந்தச் சட்டத்தை யாரும் சலிப்போடு வாசிக்க முடியாது. பலிகளைப் பற்றிய பகுதிகளுக்கும் இதே வழி உதவும்: பாவநிவாரண நாளைப் பற்றிய 16-ஆம் அதிகாரத்தை எபிரெயர் 9-ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள்.

ஒரு நூல் எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்து வாசிப்பது பல குழப்பங்களைத் தீர்க்கும். நீதிமொழிகள் 26-இல், மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி பதில் சொல்லாதே என்று நான்காம் வசனமும், பதில் சொல் என்று ஐந்தாம் வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. சட்டமாக வாசித்தால் இது முரண்பாடு. ஞானமொழியாக வாசித்தால், எந்த நேரத்தில் எது பொருந்தும் என்று ஆராயச் சொல்லும் அழைப்பு. துன்பத்தில் விழுந்த யோபிடம் அவன் நண்பர்கள் பேசுவதில் பல வரிகள் நீதிமொழிகளைப் போலவே ஒலிக்கின்றன. ஆயினும் கடைசி அதிகாரத்தில் கர்த்தர் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசைப் பார்த்து, நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கடிந்துகொள்கிறார். பொதுவாக உண்மையான ஒரு கூற்றைத் துன்பப்படுகிற ஒருவன்மேல் பொருத்தியதே அவர்களுடைய பிழை. நோயாளியின் படுக்கையருகே வசனம் சொல்லச் செல்கிறவர்கள் யோபின் புத்தகத்தை ஒருமுறையாவது முழுமையாக வாசித்திருக்க வேண்டும் என்று நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வேன்.

ஆறு நாள் படைப்பைப் பற்றிய கேள்வி அறிவியல் வளர்ந்த பிறகு எழுந்ததல்ல. சூரியன் நான்காம் நாளில் உண்டாக்கப்பட்டிருக்க, முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் கேட்டுவிட்டார். இயற்கையைப் பற்றி நன்கறிந்த அவிசுவாசிகளுக்கு முன்னால் கிறிஸ்தவர்கள் வேதத்தின் பேரில் அறியாமல் பேசினால் வேதமே நகைப்புக்கு இடமாகும் என்று பழைய திருச்சபையின் ஆயரான அகஸ்டின் எச்சரித்தார். முதல் அதிகாரத்தின் அமைப்பைக் கவனியுங்கள்: முதல் நாளில் ஒளி, நான்காம் நாளில் சுடர்கள், இரண்டாம் நாளில் ஆகாயமும் நீரும், ஐந்தாம் நாளில் பறவைகளும் மீன்களும், மூன்றாம் நாளில் நிலம், ஆறாம் நாளில் விலங்குகளும் மனிதரும். முதலில் இடம், பிறகு அந்த இடத்தை நிரப்புகிறவை. சுற்றியிருந்த நாடுகள் தெய்வங்களாக வணங்கிய சூரியனும் சந்திரனும் இங்கே ஏற்றி வைக்கப்பட்ட விளக்குகளாக நிற்கின்றன. நாட்களை இருபத்துநான்கு மணி நேரமாகவே கொள்ளும் உண்மையான விசுவாசிகள் இருக்கிறார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் உலகம் யாருடையது, மனிதன் யாருடைய சாயல் என்பதைச் சொல்வதே அந்த அதிகாரத்தின் நோக்கம் என்றும், காலக்கணக்கு அதன் அக்கறை அல்ல என்றும் நான் கருதுகிறேன்.

கானானியரைப் பற்றிய பகுதிகள் இதைவிடக் கடினமானவை. வேதாகமத்தில் ஒன்று எழுதப்பட்டிருப்பதனாலேயே அது அங்கீகரிக்கப்பட்டது ஆகாது என்பது நியாயாதிபதிகள் போன்ற நூல்களுக்குப் பொருந்தும். அவனவன் தன் பார்வைக்குச் சரியென்று பட்டதைச் செய்தான் என்று அந்நூலே தன் கொடுமைகளுக்குத் தீர்ப்பெழுதி முடிகிறது. யோசுவாவின் புத்தகத்தில் அழிவு தேவனுடைய கட்டளையாகவே வருவதால் அப்படிச் சொல்லிக் கடந்துவிட முடியாது. சிலவற்றைக் கவனிக்கலாம். எரிகோவைச் சேர்ந்த கானானியப் பெண்ணான ராகாப் காப்பாற்றப்படுகிறாள், மத்தேயுவின் வம்ச அட்டவணையில் இடம்பெறுகிறாள். விலக்கப்பட்ட கொள்ளைப் பொருளைத் திருடிய ஆகான், இஸ்ரவேலனாக இருந்தும் அழிகிறான். முற்றிலும் அழிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட மக்கள் நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தில் இன்னும் குடியிருக்கிறார்கள். அக்காலத்துப் போர் அறிக்கைகளில் மிகைப்படுத்தல் வழக்கம்; கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாபின் ராஜாவான மேசா, இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது என்று கல்வெட்டில் பொறித்தான், இஸ்ரவேலோ அழியவில்லை. இவையெல்லாம் சுமையைக் குறைக்கின்றன, நீக்கிவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் செய்ததுபோல் பழைய ஏற்பாட்டையே வெட்டி எறிவதும் வழியாகாது. சபை அதை மறுத்தது, ஏனென்றால் இயேசு வாசித்து ஜெபித்த வேதம் அதுவே. சமாரியரின் கிராமத்தின்மேல் அக்கினி இறங்கச் சொல்லலாமா என்று கேட்ட சீடர்களை அவர் அதட்டினார். அவரைப் பின்பற்றுகிறவர்கள் யோசுவாவிலிருந்து எவர்மேலும் வன்முறைக்கு உரிமை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. தேவனிடத்திலும் பிறனிடத்திலும் அன்பைக் கட்டியெழுப்பாத விளக்கம் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளாத விளக்கமே என்பது அகஸ்டின் வகுத்த விதி. இத்தகைய இடங்களில் நான் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு மூன்று நான்கு வாசித்தால் ஓராண்டில் முடியும். 1842-இல் ஸ்காட்லாந்துப் போதகரான ராபர்ட் மர்ரே மக்செயின் தம் சபையாருக்காக வகுத்த அட்டவணையைப் போன்ற திட்டங்கள் நல்லவைதாம், ஆனால் அவை நூலின் போக்கை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கே அதிகம் பயன்படும். நீங்கள் மாற்குவில் தொடங்குங்கள். பதினாறு அதிகாரங்களையும் ஓரிரு அமர்வுகளில், நிறுத்திக் குறிப்பெடுக்காமல் வாசித்துவிடுங்கள். பிறகு ரூத், பிலிப்பியர், அப்போஸ்தலர் நடபடிகள். அதன்பின் ஆதியாகமத்துக்கும் யாத்திராகமத்துக்கும் வாருங்கள். தினமும் ஒரு சங்கீதம் கூடவே இருக்கட்டும். புகழ்ச்சியை மட்டும் பொறுக்கி எடுக்காமல், இருளிலேயே முடிகிற 88-ஆம் சங்கீதத்தையும் ஜெபியுங்கள். வேகமாக வாசிக்கும் நாட்களுக்கு நடுவே ஒரு சிறு பத்தியை மட்டும் எடுத்து, வாசிப்பு, தியானம், ஜெபம், அமைதியாய்த் தேவனை நோக்கியிருத்தல் என்று 12-ஆம் நூற்றாண்டுத் துறவியான கீகோ வகுத்த நான்கு படிகளில் மெல்லச் செல்லலாம். இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய இரு கிரேக்கப் பிரதிகளில் இல்லை என்பது போன்ற அடிக்குறிப்புகளைக் கண்டு கலங்க வேண்டாம். பதிப்பாளர்களின் நேர்மை அது.

தனியே மட்டும் வாசிக்காதீர்கள். ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, ஒருவர் விளக்காவிட்டால் எனக்கு எப்படித் தெரியும் என்று பிலிப்புவிடம் தயங்காமல் கேட்டார். உடன் வாசிக்கிறவர்கள் உங்களைப் போலவே இருந்தால் பயன் குறைவு. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்கள், வேலைக்காரரே எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் நிருபத்தை உறுதியோடு வாசித்தார்கள். அதே வேதத்தில் யாத்திராகமத்தின் விடுதலையை அவர்களுடைய அடிமைகள் கேட்டார்கள். யார் சரியாகக் கேட்டார்கள் என்பதில் இன்று சபைக்குச் சந்தேகமில்லை. ஆகவே வயதிலும் நிலையிலும் வேறுபட்ட நான்கைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, முதல் சந்திப்புக்குப் பிலேமோனை எடுங்கள். 25 வசனங்களே உள்ள கடிதம் அது. ஒருவர் உரக்க வாசிக்கட்டும். மற்றவர்களில் சிலர் எஜமானான பிலேமோனின் இடத்திலிருந்தும், சிலர் அந்தக் கடிதத்தோடு அவரிடம் திருப்பி அனுப்பப்படும் அடிமையான ஒநேசிமுவின் இடத்திலிருந்தும் கேட்கட்டும். பதினாறாம் வசனத்துக்கு வந்ததும் நிறுத்தி, அவரவர் காதில் என்ன விழுந்தது என்று பேசுங்கள்.