மார்மன் திருச்சபையின் தொடக்க வரலாற்றை ஜோசப் ஸ்மித் தம் கையாலேயே எழுதினாரா?

அமெரிக்காவில் மார்மன் திருச்சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் வரலாறாக அச்சில் கிடைக்கும் தொகுதிகள் ‘நான் சென்றேன், நான் உரைத்தேன்’ என்றே நடைபோடுவதால், அவை அவரே எழுதியவைதாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அவற்றில் பெரும்பகுதியை எழுதியவர்கள் அவருடைய எழுத்தர்கள். பாதிக்கு மேற்பட்ட பகுதி அவர் கொல்லப்பட்ட பிறகே எழுதப்பட்டது. நான் அச்சபையைச் சேர்ந்தவன் அல்லன். ஆனால் அந்த ‘நான்’ உருவான விதத்தைச் சில காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன்.

1830 ஏப்ரல் 6 அன்று நியூயார்க் மாநிலத்தில் சபை நிறுவப்பட்டபோதே, தங்களிடையே ஒரு பதிவேடு இருக்க வேண்டும் என்ற திருவெளிப்பாட்டை, அதாவது கடவுளிடமிருந்து தமக்கு வந்ததாகச் சொன்ன செய்தியை, ஸ்மித் அறிவித்தார். முதலில் ஆலிவர் கௌடரியும், 1831 மார்ச் முதல் ஜான் விட்மரும் அப்பொறுப்பை ஏற்றனர். விட்மருக்கு அதில் விருப்பமில்லை. தனியே ஒரு திருவெளிப்பாடு வந்த பிறகே இசைந்தார். 1838 மார்ச்சில் சபையிலிருந்து நீக்கப்பட்ட அவர், தாம் எழுதிவந்த வரலாற்றைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். ஏப்ரலில் மிசௌரியின் ஃபார் வெஸ்ட்டில் ஸ்மித் மீண்டும் தொடக்கத்திலிருந்தே வரலாற்றை எழுதுவிக்கத் தொடங்கினார். இடையில் 1832இல் அவர் ஒரு சிறு தன்வரலாறு எழுதியதுண்டு. அதில் ஒரு பகுதி அவர் கையெழுத்திலும் எஞ்சியது ஃபிரெடரிக் ஜி. வில்லியம்ஸின் கையெழுத்திலும் இருக்கின்றன. ஸ்மித் தாமே பேனா பிடித்து எழுதிய பக்கங்கள் மிகச் சிலவே என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

அடுத்த குளிர்காலத்தில் மார்மன்கள் மிசௌரியிலிருந்து விரட்டப்பட்டனர். ஸ்மித் அப்போது சிறையில் இருந்தார். எழுத்தர் ஜேம்ஸ் முல்ஹாலண்டின் கொழுந்தியாள் ஆன் ஸ்காட், பெண்களைச் சோதனையிட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், பருத்தித் துணிப் பைகள் தைத்து, ஸ்மித்தின் தாள்களை அவற்றில் இட்டு, பாவாடைக்குள் இடுப்பில் கட்டிக்கொண்டார். பின்னர் அப்பைகளை ஸ்மித்தின் மனைவி எம்மா பெற்றுக்கொண்டு, 1839 பிப்ரவரியில் உறைந்து கிடந்த மிசிசிப்பி ஆற்றைத் தம் பிள்ளைகளுடன் நடந்தே கடந்தார். அப்பெண்கள் துணியாதிருந்தால், அந்த ஆண்டுகளைப் பற்றி இன்று நாம் படிப்பதில் பெரும்பகுதி இருந்திராது.

எழுத்தர் பதவியில் எவரும் நிலைக்கவில்லை. முல்ஹாலண்ட் அவ்வாண்டு நவம்பரிலேயே இறந்தார். அவருக்குப் பின் வந்த ராபர்ட் தாம்சன் 1841இல் இறந்தார். 1842 டிசம்பரில் பொறுப்பேற்ற வில்லர்ட் ரிச்சர்ட்ஸ்தான் பணியை உண்மையில் முடுக்கிவிட்டவர். 1844 ஜூன் 27 அன்று இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் ஊர்ச் சிறையில் கும்பல் புகுந்து ஸ்மித்தைச் சுட்டுக் கொன்றபோது அதே அறையில் இருந்து, காதுமடலில் சிறு காயத்தோடு தப்பியவரும் இவரே. அன்றைய நிலையில் வரலாறு 812ஆம் பக்கத்தில், 1838 ஆகஸ்ட் வரைதான் எட்டியிருந்தது. அதற்குப் பிந்தைய ஆறு ஆண்டுகளின் கதையை ரிச்சர்ட்ஸும், 1854இல் அவர் இறந்தபின் ஜோசப் ஸ்மித்தின் உறவினரான ஜார்ஜ் ஏ. ஸ்மித்தும் தம் உதவியாளர்களுடன் எழுதி, 1856இல் சால்ட் லேக் சிட்டியில் முடித்தனர்.

அவர்களிடம் இருந்தவை எழுத்தர்களின் நாட்குறிப்புகள், கடிதங்கள், சொற்பொழிவுக் குறிப்புகள், செய்தித்தாள்கள் ஆகியனவே. ‘ஜோசப் வெளியே சென்றார்’ என்று படர்க்கையில் இருந்ததை அவர்கள் ‘நான் வெளியே சென்றேன்’ என்று மாற்றிக்கொண்டே போனார்கள். அக்காலத்தில் இது வழக்கமான தொகுப்பு முறைதான். இதற்காக அவர்களைப் பொய்யர்கள் என்பது நியாயமன்று. 1844 ஏப்ரல் 7 அன்று ஸ்மித் ஆற்றிய பெயர்பெற்ற இறுதிச்சடங்கு உரையை ரிச்சர்ட்ஸ், உட்ரஃப், புல்லக், கிளேட்டன் ஆகிய நால்வர் தனித்தனியே குறித்திருந்தனர். 1855இல் ஜானதன் கிரிம்ஷா அந்த நான்கையும் பின்னி ஒரே உரையாக்கினார். அவருடைய உழைப்பு பாராட்டத்தக்கது. ஆனால் அந்த வடிவத்தில் அவ்வுரையை எவரும் செவியால் கேட்டதில்லை.

சிக்கல் எழுவது வேறிடத்தில். ஸ்மித்துக்காக ரிச்சர்ட்ஸ் எழுதிவந்த நாட்குறிப்பின் 1843 அக்டோபர் 5ஆம் நாள் பதிவில், பலமனைவியர் கோட்பாட்டைப் போதிப்போரையும் கைக்கொள்வோரையும் விசாரிக்குமாறு ஸ்மித் அறிவுறுத்தியதாகவும், அதை அவர் தடுப்பதாகவும், எவருக்கும் ஒரு மனைவிக்கு மேல் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. அச்சான வரலாற்றிலோ இது ஸ்மித்தின் வாய்மொழியாகவே மாறி, ஆண்டவர் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலொழிய ஒருவனுக்கு ஒரே நேரத்தில் ஒரு மனைவிக்கு மேல் கூடாது என்று முடிகிறது. விதிவிலக்கு நாட்குறிப்பில் இல்லை. தொகுத்தவர்களோ 1852இல் பலமனைவியர் மணத்தைப் பகிரங்கமாக அறிவித்துவிட்ட சபையின் அலுவலர்கள். ஸ்மித் அப்போதே மறைவாகப் பல மனைவியரைக் கொண்டிருந்தார் என்பதைச் சபையே இன்று ஒப்புக்கொள்கிறது. ஆகவே, அவ்விதிவிலக்கு அவருடைய நடத்தைக்குப் பொருந்தலாம். அதை அன்றைக்கு அவர் சொன்ன சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது. தமக்குத் தெரிந்தவரை எக்கருத்தும் மாற்றப்படவில்லை என்று ஜார்ஜ் ஏ. ஸ்மித் பின்னர் உறுதி கூறியதை, இந்த ஓரிடத்தைப் பார்த்த பிறகு என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை.

ஆகவே 1838 ஆகஸ்டுக்குப் பிந்தைய எந்த ‘நான்’ வாக்கியத்தையும் மேற்கோள் காட்டுமுன், அந்நாளுக்குரிய நாட்குறிப்பை எடுத்துப் பாருங்கள். 2008 முதல் 2023 வரை சபையே ஜோசப் ஸ்மித்தின் ஆவணங்களை 27 தொகுதிகளாக அச்சிட்டதோடு, இணையத்திலும் திறந்து வைத்திருக்கிறது. எந்தப் பகுதி எந்த எழுத்தரின் கையெழுத்து என்ற குறிப்பும் அங்கேயே கிடைக்கும்.