நல்லூரும் கோட்டையும் ஒரே நாளில்

வணக்கம். முழங்கால் வலியுள்ள அம்மாவையும், அருங்காட்சியகம் என்றாலே முகஞ்சுளிக்கும் இரு பிள்ளைகளையும் யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் எங்கே கூட்டிச்செல்வது என்று கேட்டிருந்தீர்கள். நல்லூரில், நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் அருங்காட்சியகம் சிறியது என்பதால், கந்தரோடை அகழ்வில் கிடைத்த பழம்பொருட்களைப் பார்த்து முடிப்பதற்குள் எவரும் களைத்துவிடமாட்டார்கள். அடுத்து, பருத்தித்துறை வீதியோரம் நிற்கும் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியனின் பெயரிலுள்ள தோரணவாயிலைக் கண்டபின் யமுனா ஏரி என்ற பழைய கேணிக்குச் செல்லுங்கள். அந்தக் கேணி எந்த எழுத்தின் வடிவத்தில் இருக்கிறது என்று கேட்டுவிட்டால், பிள்ளைகள் கரையைச் சுற்றிப் பார்த்து, அது ‘ப’ என்று தாமே கண்டுபிடிப்பார்கள் (என் மகன் முதலில் ‘ட’ என்றுதான் அடம்பிடித்தான்). மந்திரியின் இல்லம் எனப்படும் பழைய கட்டடமான மந்திரிமனை சிதைந்திருப்பதால் வெளியே நின்று பார்ப்பதே நல்லது. போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் கைப்பற்றி, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) ஐங்கோணமாகக் கட்டியெழுப்பிய கோட்டையை வெயில் தாழ்ந்த பின்னர் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மதிலேறிக் கடலேரியைப் பார்த்து வரும்வரை அம்மா கீழேயே இருக்கலாம்.