பிளட் ரிப்போட் நோர்மல் எண்டா நாய்க்கு யூரின் டெஸ்ட் தேவையில்லையா?

கேட்டவ எழுதினது இதுதான்: 9 வயசுப் பொட்டை நாய், ரெண்டு மாசமா தண்ணி கூடக் குடிக்குது, ராவில வீட்டுக்குள்ளயே சலம் போயிடுது, பிளட் டெஸ்டில கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்திற ஒரு கழிவு) நோர்மல், இனி யூரினும் பாக்கோணுமா இல்லாட்டி அது வீண் செலவா எண்டு.

கட்டாயம் பாக்கோணும் அக்கா, நாளைக்கே பாருங்கோ. நான் திருகோணமலை உவர்மலையில இருக்கிறன். எங்கட ரோசிக்கும் இதே மாதிரி ஒரு பிளட் ரிப்போட் வந்து, அதை நம்பி ஐஞ்சு மாசம் சும்மா இருந்தனாங்க. அந்த ஐஞ்சு மாசத்தை நினைச்சா இப்பவும் நெஞ்சு அடைக்குது, அதாலதான் இவ்வளவு நீட்டா எழுதுறன்.

அது கச்சான் காத்து அடிக்கிற காலம், மனிசருக்கே தொண்டை காயுது, நாய் குடிக்காம என்ன செய்யும் எண்டு விட்டுட்டம். ஒருநாள் விடிய அவள் முற்றத்து சீமெந்தில சலம் போனதை கழுவப் போனன், பச்சைத் தண்ணி மாதிரிக் கிடந்திச்சு, நிறமுமில்ல மணமுமில்ல. ராமுழுக்க அடக்கி வச்ச சலம் நல்ல மஞ்சளா, மணமாத்தானே இருக்கோணும்? அண்டைக்குத்தான் எனக்கு பயம் வந்தது. முதல்ல குடிக்கிற தண்ணியை அளந்தன், நீங்களும் அதை செய்யுங்கோ, காசில்லாத டெஸ்ட் அது. விடிய அளந்து ஊத்தி அடுத்த நாள் விடிய மிச்சத்தை கழிச்சுப் பாக்கிறது. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லிக்கு மேல போனா அது வெயிலால மட்டும் எண்டு சொல்ல ஏலாது. ரோசி 16 கிலோ, ரெண்டு லீட்டர் குடிச்சிருந்தாள்.

பிளட் ஏன் நோர்மல் காட்டினது எண்டா, கிட்னியில வேலை செய்யிற பகுதி கிட்டத்தட்ட முக்கால்வாசி போனபிறகுதான் கிரியேட்டினின் வடிவா ஏறும். ஆனா சலத்தை இறுக்கிற, அதாவது தண்ணியைக் குறைச்சு அடர்த்தியாக்கிற சக்தி மூண்டில ரெண்டு பங்கு போகேக்கயே குறையத் தொடங்கிடும். அப்ப யூரின் முந்திச் சொல்லுது, பிளட் பிந்திச் சொல்லுது. அதோட வயசான நாய்க்கு தசை கரைஞ்சா கிரியேட்டினின் இன்னும் குறைச்சலாத்தான் காட்டும். ரோசிக்கு கிரியேட்டினின் மில்லிகிராம் கணக்கில 1.3. நாய்க்கு 1.4 வரைக்கும், மைக்ரோமோல் கணக்கில எண்டா 125 வரைக்கும், கிட்னி வருத்தத்தின்ட முதல் கட்டத்துக்குள்ளதான் வைக்கிறவை, அதை நோர்மல் எண்டு ஒரு சொல்லில சொல்லி அனுப்பிப் போட்டினம். ரெண்டையும் ஒரே நாளில பாத்தாத்தான் படம் முழுசாத் தெரியும்.

இனி சலம் பிடிக்கிற கதை. பொட்டை நாய் நல்லா குந்தித்தான் போகும், போத்தலை கொண்டு போனா எழும்பி ஓடிடும். நான் சிரட்டை அகப்பை ஒண்டை கொதிதண்ணியில கழுவி காயவச்சு, விடிய ஐஞ்சரைக்கு அவள் பின்னால ஒண்டும் தெரியாத ஆள் மாதிரி நடந்து, குந்தி ரெண்டு செக்கன் போனபிறகு மெதுவா கீழ நீட்டினன், முதல் வாற கொஞ்சத்தை விட்டு நடுவில வாறதைத்தான் பிடிக்கோணும். மூண்டாவது நாள்தான் சரிவந்தது. விடிய எழும்பின உடன, தண்ணி குடிக்க முதல் போற சலம்தான் நல்லது. ஆனா அதுக்காக ராவில தண்ணிச் சட்டியை எடுத்து வைக்காதீங்கோ, கிட்னி பழுதான நாயை தண்ணியில்லாம விட்டா ஒரு ராவிலயே மோசமாப் போயிடும். கையுறை போடுங்கோ, எலிக்காய்ச்சல் கிருமி நாயின்ட சலத்திலயும் இருக்கும், மனிசருக்கும் தொத்தும்.

நான் விட்ட பிழையையும் சொல்லுறன். முதல்தரம் ஜாம் போத்தல் ஒண்டில ஊத்திக் கொண்டு போனன், கழுவினதுதான், ஆனா மூடிக்குள்ள ஜாம் ஒட்டியிருந்திருக்கு. சலத்தில தோய்ச்சு நிறம் பாக்கிற ஸ்ட்ரிப்பில சீனி காட்டினது. சலரோகம் எண்டு வீடே அழுதது, பிறகு பார்மசியில மனிசருக்கு விக்கிற மூடி போட்ட யூரின் கப் வாங்கிப் பிடிச்சா சீனி இல்லை. சூடும் கவனம். எங்கட ஊர் வெயிலுக்க ஓட்டோவில வச்சுக்கொண்டு போனா கிருமி பெருகும், செல் எல்லாம் உடைஞ்சிடும். அரை மணித்தியாலத்துக்குள்ள குடுக்க ஏலாட்டி ஃபிரிட்ஜில வையுங்கோ, தூரம் போறதெண்டா ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு. நாங்க பேராதனையில மிருக வைத்திய பீடத்து ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிச்சுப் போகேக்க ஹபரணையில நிப்பாட்டி ஐஸ் மாத்தினது ஞாபகம் இருக்கு. ஃபிரிட்ஜில வச்சா சிலவேளை கல்லு மாதிரி கிறிஸ்டல் தோன்றும், அதால எத்தனை மணிக்குப் பிடிச்சது, குளிர்ல வச்சதா எண்டு கப்பிலயே எழுதிக் குடுங்கோ.

எதைப் பாக்கச் சொல்லுறது? முதலாவது அடர்த்தி, ஸ்பெசிஃபிக் கிரேவிட்டி எண்டுவினம். மனிசருக்கான ஸ்ட்ரிப்பில இருக்கிற அடர்த்திக் கட்டம் நாய்க்குச் சரிவராது, வெள்ளை அணுக் கட்டமும் அப்பிடித்தான். ரிஃப்ராக்டோமீட்டர் எண்டு ஒரு சின்னக் குழாய், ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்கு பிடிச்சுப் பாக்கிறது, அதிலதான் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ. 1.030க்கு மேல இருந்தா நாயின்ட கிட்னி இறுக்குது எண்டு அர்த்தம். 1.008க்கும் 1.012க்கும் இடையில வந்தா கிட்னி இறுக்கவும் இல்லை ஐதாக்கவும் இல்லை, வந்ததை அப்பிடியே விடுது. ரோசிக்கு முதல் 1.010, அடுத்த கிழமை 1.011. ஒருதரம் குறைஞ்சா பதறாதீங்கோ, நிறைய குடிச்ச சுகமான நாய்க்கும் குறையும், திரும்பத் திரும்ப விடியச் சலத்திலயே குறைஞ்சாத்தான் யோசிக்கோணும்.

ரெண்டாவது புரதம். இங்கதான் கனபேர் ஏமாறுறது. ஸ்ட்ரிப்பில ஒரு பிளஸ் எண்டா கொஞ்சம்தானே எண்டு விடுவினம், ஆனா ஒரு கோப்பை பிளேன்ரீயில தெரியிற இனிப்பும் ஒரு வாளி தண்ணியில தெரியிற இனிப்பும் ஒண்டா? தண்ணி மாதிரி சலத்தில ஒரு பிளஸ் தெரிஞ்சா உண்மையில வெளியால போற புரதம் கூட. அதுக்குத்தான் யூபிசி, புரதத்தை சலத்தில இருக்கிற கிரியேட்டினினால பிரிக்கிறது, ஐதா இருந்தாலும் இறுக்கமா இருந்தாலும் கணக்கு ஒண்டுதான். 0.2க்கு கீழ நல்லம், 0.2 இல இருந்து 0.5 வரை கவனிக்கோணும், 0.5க்கு மேல எண்டா புரதம் ஒழுகுது. மனிசர் லாபில குடுத்தா மைக்ரோஅல்புமின் செய்து தந்திடுவினம், அது வேற, ஒரு வகைப் புரதம் மட்டும்தான், மொத்தப் புரதம் எண்டு எழுதிக் கேளுங்கோ, ரிப்போட் மில்லிகிராம்-கிராம் கணக்கில 500 எண்டு வந்தா அது இந்த 0.5தான். சலத்தில கிருமியோ ரத்தமோ இருந்தா புரதம் பொய்யா ஏறும், அதால மைக்ரோஸ்கோப்பில அடியில படியிறதையும் பாக்கச் சொல்லுங்கோ. கிருமி சந்தேகமெண்டா டொக்டர் ஊசியால நேரா சலப்பையில இருந்தே எடுப்பார், பாக்க பயம்தான், ஆனா ரோசி அசையக்கூட இல்லை.

புரதம் ஒழுகினா உண்ணிக் காய்ச்சலுக்கும் பாக்கச் சொல்லுங்கோ, எங்கட பக்கம் உண்ணிக்கு குறைவே இல்லை, அதாலயும் கிட்னி ஒழுகும். கூடத் தண்ணி குடிக்கிறதுக்கு சலரோகம், ஸ்டெரொய்ட் மருந்து எண்டு வேற காரணங்களும் இருக்கு.

ரோசின்ட யூபிசி 1.4 வந்திச்சு, ரெண்டு கிழமை கழிச்சு திரும்பப் பாத்தும் 1.1. பிரஷரும் பாத்து, புரதம் ஒழுகிறதை குறைக்க ஒரு குளிசை, பிறகு சாப்பாடு. முள்ளோட சூடை, மீன் தலை, கருவாடு எல்லாம் நிப்பாட்டினம், எலும்பிலயும் முள்ளிலயும் பொஸ்பரஸ் கூட, கிட்னிக்கு அது ஆகாது. மீன் வெட்டுற சத்தம் கேட்டா இன்னும் குசினி வாசல்ல வந்து இருந்து பாப்பாள், அந்த முகத்தைப் பாத்துக்கொண்டு குடுக்காம இருக்கிறதுதான் எனக்கு கஷ்டம். இப்ப 0.4. மூண்டு மாசத்துக்கு ஒருக்கா அதே அகப்பையோட இறங்குறன்.

ஒண்டு மட்டும் அக்கா, உங்கட நாய்க்கு கர்ப்பப்பை எடுக்கேல்லை எண்டா, போன ரெண்டு மாசத்துக்குள்ள தீட்டு வந்து போனதா எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கர்ப்பப்பையில சீழ் பிடிச்சாலும் இப்பிடித்தான் தண்ணி குடிக்கும். சாப்பிடாம, சத்தியெடுத்து, சோர்ந்து படுத்தா விடியச் சலத்துக்கு காத்திருக்க வேண்டாம், அந்த ராவே தூக்கிக்கொண்டு போங்கோ.