தெர்மோகோல் காளை

அண்ணனுக்கு வணக்கம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். மத்தியானம் கூட்டம் குறைந்தபிறகு செல்போனில் உங்கள் கட்டுரைகளைப் படிப்பேன், மற்றபடி இலக்கியம் பெரிதாகத் தெரியாது. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளியில் ஒரு புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளே தங்களுக்குப் பிடித்த ஒரு கதைப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, தாங்களாகவே படித்து, அதிலுள்ள பிளாட், கேரக்டர், செட்டிங், தீம், பாயின்ட் ஆஃப் வியூ இதையெல்லாம் கிரியேட்டிவாகச் செய்து காட்ட வேண்டுமாம். மூன்று வாரம் டைம். பாப்பா, சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' எடுத்திருக்கிறாள். சின்னப் புத்தகம், காளை வருகிறது, அதனால் எடுத்தேன் என்கிறாள். ஒரே நாளில் படித்தும் முடித்துவிட்டாள். இப்போது ஸ்டேஷனரி கடைக்காரர் தெர்மோகோலில் வாடிவாசல், காளை, கூட்டம் எல்லாம் செய்து தர 800 ரூபாய் கேட்கிறார். கொடுத்துவிடலாம்தான், ஆனால் அதில் பாப்பா படித்தது எங்கே இருக்கிறது என்று மனசு உறுத்துகிறது. பிளாட் என்றால் என்னப்பா என்று என்னைக் கேட்கிறாள். எனக்குத் தெரிந்த பிளாட் ஒத்தக்கடைப் பக்கம் சென்ட் கணக்கில் விற்பதுதான். என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
ஒரு பூ வியாபாரி, மதுரை

அன்புள்ள தம்பிக்கு,

பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. ஒத்தக்கடை பிளாட்டைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். அது அப்படியொன்றும் தூரத்தில் இல்லை. எங்கே கல் ஊன்றுவது, பாதையை எந்தப் பக்கம் விடுவது என்பதுதான் கதையிலும் வேலை, கல்லுக்குப் பதில் சம்பவங்களை எந்த வரிசையில் வைப்பது என்று பார்க்கிறோம்.

முதலில், 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பள்ளியில் இதே மாதிரி கண்காட்சிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். மூன்று செக்‌ஷனிலும் அதே தெர்மோகோல் வீடு, அதே பச்சை மரத்தூள் புல்வெளி, எல்லாம் ஒரே கடையில் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது, மேலே ஒட்டியிருந்த கதைப் பெயர் மட்டும் வேறு வேறு. அதில் இருப்பதிலேயே பெரியதாக, உள்ளே சீரியல் லைட் மினுக்கிக்கொண்டிருந்த ஒன்றுக்கு முதல் பரிசைக் கொடுத்துவிட்டு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போதுதான் ஜன்னலோரம் நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள்கள் ஒட்டியிருந்ததைக் கவனித்தேன்.

ஒரு பையன் எழுதியது. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை எடுத்திருந்தான். நீங்கள் படித்திருக்காவிட்டால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர்தான் கதையைச் சொல்கிறார். பிள்ளைகள் அவரிடம் ஒட்டிக்கொள்கின்றன, அவரும் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுக்கிறார். ஒருநாள் இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார், சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. கடைசியில் அவன் இவரைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, தன் பெயருக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான். படித்து முடித்தால் தொண்டை அடைக்கும்.

அந்தப் பையன் இதைச் சாரங்கன் வாயால் எழுதிப் பார்த்திருக்கிறான். ஒன்றரைப் பக்கம் ஓடியிருக்கிறது, அப்புறம் நிறுத்திவிட்டான். கீழே பென்சிலில், சாரங்கனே சொன்னால் அவனுக்கு என்ன வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது, அதனால் என்னால் முடிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தான். பாயின்ட் ஆஃப் வியூ என்று உங்கள் மகளின் பள்ளியில் கேட்கிறார்களே, அது இதுதான். கதை சொல்கிறவர் அந்தப் பையனை நல்லபடியாகக் கவனிக்கவில்லை, அவர் கண் வழியாகப் பார்க்கும் நாமும் கவனிக்கவில்லை, அதனால்தான் டைரி நீட்டப்படும்போது நமக்கும் சுருக்கென்று இருக்கிறது. தமிழில் நோக்குநிலை என்று சொல்லிக்கொள்கிறோம். நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அந்தப் பென்சில் வரி தெளிவாக இருந்தது. பரிசை மாற்ற முடியுமா என்று கேட்டேன். அறிவித்தாகிவிட்டது சார் என்றார்கள். சாரங்கனைப் பற்றி எழுதிய பையனை நானும் கடைசியில்தான் பார்த்திருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

அதனால் யார் கேட்டாலும் இப்போது ஒன்றைத்தான் சொல்கிறேன். செட்டிங் எங்கே இருக்கிறது, பிளாட் எங்கே இருக்கிறது என்று புத்தகத்துக்குள் தேடிச் சீட்டு ஒட்ட வேண்டாம். எதையாவது ஒன்றை மாற்றிப் பார்க்கட்டும். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும், ஒன்று மட்டும் மாறட்டும். எது இடிந்து விழுகிறது என்று பார்த்தால் அந்த ஒன்று அதுவரை எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று தெரிந்துவிடும்.

எனக்கே இது தாமதமாகத்தான் புரிந்தது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வையையைக் கடந்து மதுரையை நெருங்கும்போது, கோட்டை மதில் கொடிகள் வராதீர்கள் என்று கை காட்டுவதுபோல அசைகின்றன. பள்ளிக்கூடத்தில் இதைத் தற்குறிப்பேற்ற அணி, அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றிச் சொல்வது என்று எழுதி, விளக்கமும் எழுதி, முழு மார்க்கும் வாங்கினேன். மனசில் ஒன்றும் ஒட்டவில்லை. காலேஜ் முடித்து வேலை இல்லாமல் அலைந்த காலத்தில் ஒருநாள் சாயங்காலம் யானைக்கல் பாலத்தில் நின்று வறண்ட ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என்ன காரணமோ, அந்த வரி ஞாபகம் வந்தது. கொடி வெறுமனே காற்றில் ஆடியது என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். ஊர் செத்துவிட்டது. இளங்கோ எழுதியபடி படித்தால் என்ன நடக்கப்போகிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கிறது, நடந்து வருகிற இரண்டு பேருக்குத்தான் தெரியவில்லை. இத்தனை வருடம் இது என் கண்ணில் படாததற்கு அந்த அணியின் பெயரும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பெயர் தெரிந்துவிட்டதால் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

செட்டிங் என்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்துத்தான் முதற்பொருள் என்கிறது. இடம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். காலையில் மொட்டாக வந்து இறங்கும் மல்லிகையும் மத்தியானம் வாய் திறந்துவிட்ட மல்லிகையும் ஒரே தோட்டத்துப் பூதான், ஆனால் ஒரே விலைக்குப் போகுமா? முகூர்த்தத்துக்கு முந்தின நாள் என்ன விலை, மறுநாள் என்ன விலை? பாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், அவளுக்குச் சட்டென்று பிடிபடும்.

சரி, வாடிவாசல். 1959இல் வந்த புத்தகம். ஒரே ஒரு பிற்பகல், ஒரு ஜல்லிக்கட்டு. அப்பாவின் சாவுக்குக் காரணமான காரி என்ற காளையை அடக்க வந்திருக்கும் பிச்சி, கூட மருதன், பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கும் ஒரு கிழவர், காரிக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். இதை அப்படியே தூக்கி இன்றைய அலங்காநல்லூரில் வைக்கச் சொல்லுங்கள். அதன் பக்கத்திலுள்ள கீழக்கரையில் 2024இல் திறந்த பெரிய ஜல்லிக்கட்டு அரங்கத்தில் வைத்தாலும் சரிதான். ஆன்லைன் பதிவு, டோக்கன், டாக்டர் பரிசோதனை, நம்பர் போட்ட பனியன், சுற்றுச் சுற்றாக உள்ளே அனுப்புவது, மைக், டிவி கேமரா, முதல் பரிசு கார். இதெல்லாம் அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இப்போது பிச்சி எப்படி உள்ளே வருவான்? புத்தகத்தில் அவன் யார் மகன் என்பது கிழவரோடு பேசப் பேசத்தான் வெளியே வருகிறது, பாதி சுவாரசியமே அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. இன்றைக்கென்றால் பதிவு செய்யும்போதே பெயர், ஊர் எல்லாம் கொடுத்தாக வேண்டும், மைக்கில் வேறு கூப்பிட்டுவிடுவார்கள். கிழவருக்கு வேலையே இல்லை. அப்புறம் ஜமீன்தார் இடத்தில் யாரை உட்கார வைப்பது? அமைச்சரையா, கார் கொடுத்த கம்பெனிக்காரரையா, வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் காளை வளர்ப்பவரையா? யாரை வைத்தாலும், கடைசியில் ஜமீன்தார் செய்கிற காரியத்தை (என்னவென்று சொல்லமாட்டேன், நீங்களும் படிக்க வேண்டும்) இத்தனை போலீசுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஒருவர் செய்ய முடியுமா? முடியாது என்றால் முடிவை மாற்ற வேண்டும். முடிவு மாறினால் கேரக்டர் மாறுகிறது, பிளாட் மாறுகிறது, தீமும் மாறிவிடுகிறது. பாப்பா இங்கே கட்டாயம் திணறுவாள். திணறட்டும், எந்த இடத்தில் திணறினாள் என்பதை மறைக்காமல் எழுதட்டும். எழுதி முடிக்க முடியாமல் போனாலும் பரவாயில்லை.

செய்து காட்ட என்ன வேண்டும்? பிச்சி பெயரில் ஒரு மாடுபிடி வீரர் பதிவுப் படிவம். அவளே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுச் செய்யலாம், செலவு ஒரு வெள்ளைத்தாள். பெயர், வயது, ஊர், தந்தை பெயர். அந்தத் தந்தை பெயர் கட்டத்தில் பிச்சி என்ன எழுதுவான், எழுதுவானா, விட்டுவிடுவானா என்று யோசித்தால் போதும், கதை முழுக்க அங்கே வந்து நின்றுவிடும். கூடவே அந்தப் பிற்பகலுக்கு ஒரு மைக் வர்ணனை. 'தொட்டுப் பார், பிடிச்சுப் பார், ஒரு அண்டா, ஒரு சைக்கிள்' என்று அவளே வகுப்பில் பேசிக் காட்டலாம். வர்ணனைக்காரனுக்கு வெளியில் நடப்பது மட்டும்தான் தெரியும், பிச்சி மனசில் ஓடுவது தெரியாது. அதுவும் ஒரு நோக்குநிலைதான். காளை வாயால் சொல்கிற யோசனை மட்டும் வேண்டாம், வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் செய்வார்கள். கலித்தொகையில் முல்லைக்கலிப் பாட்டுகளில் காளையை அடக்கும் ஏறுதழுவுதலை வேடிக்கை பார்க்கும் தோழி தலைவிக்குச் சொல்வதாக வரும். அந்த வழியில், வேலியோரம் நிற்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஆட்களின் முதுகுக்கு நடுவே எவ்வளவு தெரியும் என்று எழுதலாம். பிடித்ததில் ஏதாவது ஒன்று போதும். ஐந்தும் கட்டாயம் என்று மிஸ் சொன்னால் மற்றதை ஒவ்வொரு வரியில் எழுதி ஒட்டிவிடட்டும், அவர்களும் டிக் போட வேண்டுமே. தீம் என்ற இடத்தில் 'வீரம்' என்று எழுதாமல் இருந்தாலே நானாக இருந்தால் பாதி மார்க் போட்டுவிடுவேன்.

அதற்கு முன்னால் புத்தகத்தை இன்னொரு தடவை படிக்க வேண்டும். ஒரே நாளில் முடித்தது நல்ல விஷயம்தான், ஆனால் முதல் தடவை அடுத்து என்ன என்ற வேகத்தில் கிழவரைத் தாண்டிப் போயிருப்பாள். ராத்திரி அவள் சத்தமாக வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். அதிலுள்ள பேச்சு நம் பக்கத்துப் பேச்சு, சில வார்த்தைகளை அவள் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். முகூர்த்தம் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து அவளை நத்தம் ரோட்டுக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ சிம்மக்கல் நூலகத்துக்கோ கூட்டிப்போய் 'அன்பளிப்பு' கதையையும் எடுத்துக் கொடுங்கள். புராஜெக்ட்டுக்கு இல்லை, சும்மா படிக்க.

காளை செய்ய அவளுக்கே ஆசையாக இருந்தால் தடுக்காதீர்கள். கடையில் கிடக்கிற அட்டைப்பெட்டி போதும். படிவத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள், தந்தை பெயர் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்
அண்ணன்