ஸ்டென்ட் வைத்தவர் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 56 வயது. மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நடந்தால் அது நகர்ந்துவிடும் என்று என் மனைவி வாசலைத் தாண்ட விடுவதில்லை. பக்கத்து ஜிம்மில் ‘இதயப் பேக்கேஜ்’ என்று அழைக்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: நகராது. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்தான் ஸ்டென்ட். அதைப் பலூனால் விரித்து, நல்ல அழுத்தத்தில் ரத்தக்குழாய்ச் சுவரோடு பதித்துத்தான் வைக்கிறோம். நாளாக ஆக அதன்மேல் திசு படர்ந்து மூடிவிடும். நடை அதை அசைக்காது. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தினால்தான் ஆபத்து.

அந்த ஜிம்முக்குப் போகாதீர்கள். பேக்கேஜோடு ஒரு பவுடர் டப்பாவும் வரும், கூடவே “இத்தனை மாத்திரை எதற்கு சார்?” என்ற அறிவுரையும் வரும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர் கலந்த சாறு அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதே ரகம். அதை நம்பி மாத்திரையை விட்டவர்களை அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்திருக்கிறேன். நடையும் பழைய அடைப்பைக் கரைக்காது. ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கும், அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும் என்றாகும். மறுபடி மாரடைப்பு வரும் வாய்ப்பும் குறையும்.

உங்கள் டாக்டர் சரி என்றதும் சமதளத்தில் பத்து நிமிடம் தொடங்குங்கள். வாரா வாரம் கொஞ்சம் கூட்டி, ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று கொண்டுவாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் அதுதான். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுவே மிதமான வேகம். தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை போட்டிருக்கிறது. நல்ல காரியம்தான், ஆனால் முதல் வாரமே அத்தனை தூரமும் வேண்டாம்.

கைக்கடிகாரம் காட்டும் நாடித்துடிப்பை மட்டும் துரத்தாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். 220-இல் வயதைக் கழித்தால் வருவது அந்த வயதுக்கான உச்ச நாடித்துடிப்பு என்பது கணக்கு. உங்களுக்கு 164. அதில் 70 சதவீதம் என்று கடிகாரம் 115-ஐக் கேட்கும். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் என்று ‘லால்’ என முடியும் பெயர் இருந்தால், அது நாடியை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் மருந்து. நீங்கள் சரியாகவே நடந்தாலும் 100-ஐத் தாண்டாமல் போகலாம். எண் வரவில்லையே என்று ஓடினால் மூச்சு வாங்கி விழுவீர்கள். ‘லால்’ சாப்பிடுபவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பேச்சுதான் அளவுகோல்.

நெஞ்சு இறுகினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ அப்படியே உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108.

எனக்கு ஆத்திரமாக வருவது இதுதான். 2017-இல் ஸ்டென்டுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தோம். வைத்தவருக்கு எப்படி நடப்பது என்று சொல்லித்தர பத்து நிமிடம் ஒதுக்க இன்னும் வழியில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘உடற்பயிற்சி செய்யவும்’ என்று ஒரு வரி, அவ்வளவுதான். அடுத்த செக்கப்புக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். எத்தனை நிமிடம், எந்த வேகம் என்று சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி, அவர் முன்னாலேயே கேட்டு வாங்குங்கள்.