நேரடியாகக் கொடுத்த சைல்ட் சப்போர்ட்டுக்கு மறுபடியும் வசூல் கடிதம்

கேள்வி: விவாகரத்தாகி ஐந்து வருடம். மகனுக்கு மாதம் 900 டாலர் சைல்ட் சப்போர்ட் (குழந்தைப் பராமரிப்புத் தொகை) கட்ட வேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் கடைசி இரண்டு வருடம் பணத்தை ஸெல் (Zelle) என்ற வங்கிப் பணப் பரிமாற்றச் சேவை மூலம் அவருக்கே அனுப்பினேன். வேலை போய்விட்டதால் நான்கு மாதமாகப் பாதிதான் அனுப்ப முடிந்தது. இப்போது ஒரு தனியார் வசூல் நிறுவனம், வட்டியும் கட்டணமும் சேர்த்து 29,400 டாலர் பாக்கி என்கிறது. பாஸ்போர்ட்டை முடக்குவோம் என்று போனில் மிரட்டல் வேறு. என்ன செய்வது? - அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: முதலில் போனில் பேசுவதை நிறுத்துங்கள். "கொஞ்சம் கட்டிவிடுகிறேன், விடுங்கள்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லாதீர்கள். எல்லாம் எழுத்தில் வரட்டும். உங்கள் பாக்கி எவ்வளவு என்று முடிவு செய்யும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு இல்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நிறுவனம் உங்கள் மகனின் அம்மாவோடு ஒப்பந்தம் போட்டு, வசூலாவதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் இடைத்தரகர், அவ்வளவுதான்.

இணையத்தில் கிடைக்கும் கிரெடிட் கார்டு கடனுக்கான ஆட்சேபக் கடிதத்தை நகலெடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சைல்ட் சப்போர்ட் நுகர்வோர் கடன் அல்ல என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அதனால் கடன் வசூல் முறைகேடுகளைத் தடுக்கும் 1977 மத்தியச் சட்டத்தின் பாதுகாப்பு பொதுவாக இங்கே கைகொடுக்காது. கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் தனியார் சைல்ட் சப்போர்ட் வசூலுக்கென்றே தனிச் சட்டம் உண்டு. உங்கள் மாநிலத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 24 மாதம், மாதம் 900 என்றால் 21,600 டாலர். அதாவது நீங்கள் ஒரு காசுகூடக் கொடுக்கவில்லை என்று வைத்துத்தான் அவர்கள் தொடங்கியிருக்கிறார்கள். மீதி 7,800 எங்கிருந்து வந்தது? வட்டி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிபோர்னியா மாதிரி ஆண்டுக்கு 10 சதவீதத் தனிவட்டி போட்டாலும் இந்த 24 தவணைக்கு இரண்டாயிரத்துச் சொச்சம்தான் வரும். மிச்சம் ஐயாயிரத்துக்கு மேல் பெரும்பாலும் அவர்களுடைய கட்டணமாகத்தான் இருக்கும். அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லையே! எந்த உத்தரவின்படி இதை உங்கள் தலையில் கட்டுகிறார்கள், மாதவாரிக் கணக்கு எங்கே, மகனின் அம்மா அவர்களுக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம் எங்கே என்று பதிவுத் தபாலில் கேளுங்கள்.

கையோடு மாநில சைல்ட் சப்போர்ட் அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ அதிகாரபூர்வக் கட்டணப் பதிவை வாங்குங்கள். அதில் உங்கள் ஸெல் பணம் எதுவும் இருக்காது. மாநிலப் பட்டுவாடா மையம் (சைல்ட் சப்போர்ட்டை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும் அலுவலகம்) வழியாகப் போகாத பணத்தைப் பல மாநிலங்கள் அன்பளிப்பாகவே பார்க்கும். உங்கள் வழக்கின் கழுத்தில் உள்ள கத்தி இதுதான். வங்கி அறிக்கையை எடுத்து மாதாமாதம் ஒரு வரி எழுதுங்கள்: கட்ட வேண்டியது, கட்டிய தேதி, தொகை, குறிப்பில் என்ன எழுதினீர்கள். "மார்ச் சப்போர்ட்" என்ற குறிப்போடு போன 900 நன்றாக நிற்கும். "கார் ரிப்பேர்" என்று போன 900-ஐ எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே கேள்வியில் தள்ளிவிடுவார். மகனின் அம்மாவே பணம் கேட்டு அனுப்பிய குறுஞ்செய்திகள் இருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள். அவைதான் உங்களுக்குத் தங்கம்.

இதோடு, கட்டிய பணத்தைக் கணக்கில் சேர்த்துப் பாக்கியை நிர்ணயிக்கும்படி நீதிமன்றத்தில் மனு போடுங்கள். மனுவில் வார்த்தை முக்கியம். பழைய பாக்கியைக் குறைக்கச் சொல்லி நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் முடியாது: 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்தியச் சட்டத் திருத்தத்தின்படி, தவணை நாள் வந்ததுமே அந்தத் தொகை நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான கடனாகிவிடும், பின்தேதியிட்டு யாரும் மாற்ற முடியாது. நீங்கள் கேட்பது, கொடுத்ததை வரவு வைக்கச் சொல்லி. மகனின் அம்மா உண்மையை ஒப்புக்கொண்டு சத்தியப் பத்திரம் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது. எல்லாம் வரவு வைக்கப்பட்டால் உங்கள் அசல் பாக்கி 1,800 டாலர்தான்.

பாஸ்போர்ட் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். தனியார் நிறுவனத்தால் அதைச் செய்ய முடியாது. மாநில அலுவலகம்தான் உங்கள் பெயரை மத்திய அரசுக்கு அனுப்ப முடியும், அதுவும் பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால், அமெரிக்கப் பாஸ்போர்ட்டுக்கு மட்டும். ஆனால் ஒன்று: பதிவில் 21,600 என்றே நின்றால் அந்த வரம்பை நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். கிரெடிட் ரிப்போர்ட்டில் தவறான தொகை ஏறியிருந்தால் அங்கேயும் ஆட்சேபம் எழுப்புங்கள். ரிப்போர்ட் தரும் நிறுவனம் பொதுவாக 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும்.

கடைசியாக, இதைவிட அவசரமான விஷயம். வேலை போய் நான்கு மாதம் ஆகியும் உத்தரவில் 900 அப்படியே ஓடுகிறது. தொகையைக் குறைக்கக் கோரும் மனுவை இந்த வாரமே போடுங்கள். மனு நிலுவையில் இருக்கும் காலத்துக்குத்தான், அதுவும் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போன நாளிலிருந்துதான், நீதிபதியால் குறைக்க முடியும். அதுவரை 450-தான் முடியும் என்றால் 450-ஐ அனுப்புங்கள். ஆனால் ஸெல்லில் வேண்டாம், பட்டுவாடா மையத்துக்கு, வழக்கு எண்ணோடு.