இண்டிகோவுக்குள் நீலம் இருக்கிறதா?

கேள்வி: டர்பனில் ஷ்வேஷ்வே என்ற நீல அச்சுத் துணி வாங்கப் போனபோது கடைக்காரர் அந்த நிறத்தை இண்டிகோ என்றார். நம்ம ‘நீலம்’தான் இங்கிலீஷில் அப்படி மாறிவிட்டது என்று எங்கள் ஆயா சொல்வார். சரியா?
- வாசகி, சாட்ஸ்வொர்த்

பதில்: இண்டிகோ விஷயத்தில் ஆயா சொல்வது சரியில்லை அம்மா. அது ஊர்ப்பெயர். நம் பக்கமிருந்து போன சாயக்கட்டியை கிரேக்கர்கள் ‘இண்டிகான்’, அதாவது இந்தியச் சரக்கு, என்றார்கள். லத்தீனில் இண்டிகம், பிறகு ஸ்பெயின், போர்த்துக்கல் வழியாக இங்கிலீஷ். வாங்கியவர்களுக்குக் கட்டி மட்டும்தான் தெரியும், செடி தெரியாது. ரோமானிய அறிஞர் பிளினி அதை நாணலில் ஒட்டும் சேறு என்றே எழுதிவைத்தார்! இங்கோ சாயம் தரும் அவுரிச் செடியின் இலையை ஊறவைத்து, புளித்த தண்ணீரை அடித்து அடித்துக் காற்றுப்பட வைத்தால்தான் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் இருக்கும் நீர் நீலமாகும், அடியில் தங்குவதை வடித்துக் காயவைத்தால் கட்டி. இந்த வேலையைக் கண்டுபிடித்தவர்களின் சொல் எதுவும் இண்டிகோவில் இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் ஆயாவிடம் இதையும் சொல்லுங்கள்: நீலம் வேறு வழியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. தமிழுக்கும் வடமொழிக்கும் பொதுவான அந்தச் சொல் பாரசீகத்தில் நீல், அரபியில் ‘அல்’ என்ற முன்னொட்டு சேர்ந்து அன்னீல், போர்த்துகீசியரிடம் அனில். இங்கிலீஷ்காரர்களும் ஒரு காலத்தில் சாயத்தை அனில் என்றே சொன்னார்கள். 1840-இல் ஃபிரிட்ஷே என்ற வேதியியலாளர் இண்டிகோவை ஆல்கலி எனும் காரப்பொருளோடு சூடாக்கி எடுத்த எண்ணெய்க்கு அனிலின் என்று பேர் வைத்தார். ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனிப் பேரில் வரும் ‘ஏ’ அந்த அனிலின்தான். அதே கம்பெனி 1897-இல் செயற்கை இண்டிகோவை விற்கத் தொடங்கியது, இந்தியாவில் சாயச் செடி பயிரிட்டவர்கள் பிழைப்பு போனது. சொல்லையும் எடுத்துக்கொண்டு சோற்றையும் பறித்த கதை.

இங்கிலீஷில் கட்டமரான், செரூட் என்று ஆன கட்டுமரம், சுருட்டு போன்ற சொற்களுக்கு நாம் தாராளமாக உரிமை கொண்டாடலாம், சான்று இருக்கிறது. இண்டிகோவை விட்டுவிடுவோம்.

அப்புறம், நீங்கள் வாங்கிய துணிக்கும் இதே மாதிரிதான் பேர் வந்தது. 1840-களில் பிரெஞ்சுப் பாதிரிமார் தென் ஆப்பிரிக்கப் பகுதியின் பசோத்தோ மக்களுடைய அரசர் மொஷுஷுவுக்கு நீல அச்சுத் துணி கொடுத்தார்களாம், அவர் பேரே ஷ்வேஷ்வே ஆனது என்பார்கள். அதே பகுதியின் கோசா மக்களோ ஜெர்மன் குடியேறிகள் உடுத்தியதைப் பார்த்து அதையே ‘உஜாமானி’, ஜெர்மன் துணி, என்கிறார்கள்.